மொட்டை மாடி வெயிலில் சுடுதண்ணீரும் கரண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோலார் பேனலோ சோலார் வாட்டர் ஹீட்டரோ போடலாம் என்று யோசிப்பவர்கள் விலை, மானியம், நெட் மீட்டர் (லைனிலிருந்து எடுத்ததையும் லைனுக்குக் கொடுத்ததையும் கணக்கு வைக்கும் மீட்டர்) பற்றியெல்லாம் நிறைய விசாரிக்கிறார்கள். அதற்கு அடியில் இருக்கும் இயற்பியலைக் கேட்டால் பெரும்பாலும் பாதிப் பதில்தான் கிடைக்கிறது. இங்கே விலையைத் தொடப்போவதில்லை. வெயில் எப்படிச் சூடாகிறது, எப்படிக் கரண்ட் ஆகிறது, எங்கே எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் பார்க்கலாம். கணக்குகள் பத்தாம் வகுப்பைத் தாண்டாது. உதாரணங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டு மாடிகளுக்கானவை.

ஒரு சதுர மீட்டர் மாடியில் எவ்வளவு சக்தி விழுகிறது?

சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அங்கே கிளம்பும் ஒளி 15 கோடி கிலோமீட்டர் கடந்து 8 நிமிடம் 20 விநாடியில் பூமிக்கு வருகிறது. காற்று மண்டலத்துக்கு வெளியே அதன் அளவு சதுர மீட்டருக்கு 1,361 வாட். காற்றும் நீராவியும் தூசியும் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுகின்றன, இன்னொரு பகுதியைச் சிதறடிக்கின்றன. மேகமில்லாத நாளில் உச்சி வெயிலில் தரைக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 1,000 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டி இழுக்கும் அளவு.

காலையிலும் மாலையிலும் கதிர் சாய்வாக வருவதால் அதே சக்தி அகலமான இடத்தில் பரவிவிடும். காற்றில் கடக்க வேண்டிய தூரமும் கூடும். நாள் முழுக்கக் கூட்டினால், தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரியாகச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 முதல் 5.5 யூனிட் தேறும். 1,000 சதுர அடி மாடி என்றால் தினமும் 480 யூனிட் போல. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரியத்திலிருந்து வந்து ரீடிங் எடுக்கும்போது பல வீடுகளில் வருகிற எண் அது. இங்கே ஒரே நாளில் விழுகிறது.

கிலோவாட், யூனிட் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. கிலோவாட் என்பது சக்தி வரும் வீதம். 1 கிலோவாட் வீதத்தில் ஒரு மணி நேரம் வந்தால் 1 யூனிட். "3 கிலோவாட் போட்டால் தினமும் எத்தனை கிலோவாட் வரும்?" என்று கேட்கக் கூடாது, எத்தனை யூனிட் வரும் என்று கேட்க வேண்டும். கொட்டேஷன் தருபவர்களே சில சமயம் இதைக் குழப்புகிறார்கள்.

வெப்பமாக எடுப்பதற்கும் கரண்டாக எடுப்பதற்கும் அடிப்படையில் என்ன வேறுபாடு?

வெப்பம் எடுப்பது சுலபம். எந்த நிற ஒளியும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும்கூட, கறுப்பான பொருள் மேல் விழுந்தால் கடைசியில் சூடாகத்தான் மாறும். ஒளியின் சக்தியை வாங்கிக்கொண்டு அணுக்கள் கண்டபடி அதிர்கின்றன. அந்த அதிர்வுதான் சூடு. நல்ல வாட்டர் ஹீட்டர் தன்மேல் விழும் வெயிலில் கிட்டத்தட்டப் பாதியைத் தண்ணீருக்குள் சேர்த்துவிடும்.

கரண்டுக்கு அது போதாது. எலக்ட்ரான்கள் ஒரே திசையில் ஒழுங்காக ஓட வேண்டும். அதற்கு ஒளி சூடாக மாறுவதற்கு முன்பே அதன் சக்தியை எலக்ட்ரானிடம் கொடுத்துவிட வேண்டும். பேனல் செய்வது இதைத்தான். சூடாக மாறிய பிறகு அந்தக் கண்டபடி அதிர்வை மறுபடி ஒழுங்குபடுத்துவது பெரும்பாடு, அதற்கு நீராவியும் டர்பைனும் வேண்டும்.

கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். வாட்டர் ஹீட்டருக்கு வேண்டியது, வந்த சூடு தப்பிப் போகாமல் இருப்பது. பேனலைப் பொறுத்தவரை சூடு ஒரு கழிவு, அதுவும் கெடுதல் செய்கிற கழிவு.

பேனலுக்குள் என்னதான் நடக்கிறது?

பேனலில் கருநீலமாகத் தெரியும் ஒவ்வொரு துண்டும் ஒரு செல். ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு கனமுள்ள சிலிக்கன் தகடு. சிலிக்கன் ஒரு குறைக்கடத்தி. அதன் எலக்ட்ரான்கள் அணுக்களோடு கட்டுண்டு கிடக்கும், வெளியிலிருந்து போதுமான சக்தி கிடைத்தால் விடுபட்டு ஓடும். அந்தக் குறைந்தபட்ச அளவு சிலிக்கனுக்கு 1.12 எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் அளவிலான சக்தியை அளக்கும் சிறு அலகு).

ஒளி ஃபோட்டான் என்னும் சிறு பொட்டலங்களாக வருகிறது. ஐன்ஸ்டைன் 1905-ல் சொன்னது இது. பொட்டலத்தின் சக்தி நிறத்தைப் பொறுத்தது. சிவப்பு ஃபோட்டானிடம் சுமார் 1.8 எலக்ட்ரான் வோல்ட், நீலத்திடம் 2.7, அலைநீளம் கூடிய அகச்சிவப்பிடம் 1-க்கும் குறைவு. ஒரு ஃபோட்டான் ஓர் எலக்ட்ரானைத்தான் விடுவிக்கும். செல் இதில் கறாரான பஸ் கண்டக்டர் மாதிரி. 1.12 இல்லாதவரை ஏற்ற மாட்டார், இரண்டு பேர் காசைச் சேர்த்து ஒரு டிக்கெட் கேட்டாலும் ஒப்புக்கொள்ள மாட்டார், 2.70 கொடுத்தால் மீதிச் சில்லறையும் தர மாட்டார். அந்த மீதி செல்லுக்குள்ளேயே சூடாகிப் போகிறது.

எலக்ட்ரான் விடுபட்டால் மட்டும் போதாது. யாரும் தள்ளாவிட்டால் கொஞ்சம் அலைந்துவிட்டுப் பழைய மாதிரியே ஒரு காலி இடத்தில் போய் விழுந்துவிடும். அதற்காகத்தான் பி-என் சந்தி. தகட்டின் ஒரு பக்கத்தில் மிகச் சிறிதளவு பாஸ்பரஸும் இன்னொரு பக்கத்தில் போரான் அல்லது கேலியமும் கலந்திருக்கும். பாஸ்பரஸ் பக்கம் எலக்ட்ரான் உபரி, மறுபக்கம் பற்றாக்குறை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிரந்தரமாக ஒரு மின்புலம் நிற்கிறது. விடுபட்ட எலக்ட்ரானை அது ஒரு பக்கமும், எலக்ட்ரான் விட்டுச்சென்ற துளையை எதிர்ப்பக்கமும் தள்ளிவிடுகிறது. செல்லின் மேல் ஓடும் மெல்லிய வெள்ளிக் கோடுகள் எலக்ட்ரான்களைத் திரட்டி வெளியே அனுப்புகின்றன. அவை வெளிச்சுற்றில் வேலை செய்துவிட்டு மறுபக்கமாக வந்து துளைகளோடு சேர்ந்துகொள்ளும். உள்ளே எதுவும் எரிவதில்லை, எதுவும் தீர்ந்துபோவதில்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. 25 வருட வாரண்டி கொடுக்கும் தைரியம் அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு செல் தருவது 0.6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கூடக் குறைய. அதனால் வரிசையாகக் கோக்கிறார்கள். 550 வாட் பேனலின் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். ஏறத்தாழ 42 வோல்ட், 13 ஆம்பியர் என்றிருக்கும். பெருக்கினால் 546.

இது எப்போது கண்டுபிடிக்கப்பட்டது?

ஒளி பட்டால் மின்சாரம் வரும் என்று எட்மண்ட் பெக்கரெல் பிரான்சில் 1839-லேயே பார்த்துவிட்டார். உருப்படியான சிலிக்கன் செல் வந்தது 1954-ல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலிருந்து. அதன் செயல்திறன் 6 சதவீதம். நான்கே வருடத்தில், 1958-ல், வேன்கார்டு 1 செயற்கைக்கோளில் ஏறியது.

இவ்வளவு வளர்ந்தும் 20, 22 சதவீதம்தானா? மீதி எங்கே போகிறது?

தொழிற்சாலை சோம்பலாக இருப்பதால் அல்ல, இயற்பியல் போட்ட வேலி அது. வெயிலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு, 1.12-ஐத் தொடாத அகச்சிவப்பு. சிலிக்கனுக்கு அதனால் பயனில்லை. இன்னும் மூன்றில் ஒரு பங்கு, கண்டக்டர் தராத சில்லறை. இரண்டையும் கழித்தால் பாதிதான் மிச்சம். அதிலும் 1.12 எலக்ட்ரான் வோல்ட் வாங்கிய எலக்ட்ரான் வெளியே வரும்போது 0.6 வோல்ட் அளவுக்குத்தான் வேலை செய்யும், ஏனென்றால் சில எலக்ட்ரான்கள் திரும்பத் துளையில் விழுந்துகொண்டே இருக்கும்.

இதையெல்லாம் சேர்த்து ஷாக்லி, குவைசர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1961-ல் கணக்குப் போட்டார்கள். ஒரே சந்தி கொண்ட எந்தச் செல்லும் சாதாரண வெயிலில் சுமார் 33 சதவீதத்தைத் தாண்ட முடியாது. சிலிக்கனுக்கு நடைமுறை உச்சம் 29-ஐ ஒட்டி. அந்தக் கண்ணோடு பார்த்தால் கடையில் கிடைக்கும் 22 மோசமில்லை. வெவ்வேறு நிறங்களுக்கு வெவ்வேறு குறைக்கடத்தி அடுக்குகளை வைத்து, லென்ஸால் ஒளியைக் குவித்து, ஆய்வகங்களில் 47 சதவீதத்தையும் தாண்டியிருக்கிறார்கள். விண்வெளிக்கு அடுக்குச் செல்கள் கட்டுப்படியாகும், நம் மாடிக்கு ஆகாது.

யாராவது "எங்கள் பேனல் 35 சதவீதம்" என்று விற்க வந்தால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மே மாதம் வெயில் கொளுத்துகிறதே, அப்போதுதானே அதிகம் வரும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதில்: வராது. சென்னை மாடிகளில் நல்ல உற்பத்தி பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான்.

சிலிக்கன் சூடானால் கரண்ட் (ஆம்பியர்) ஒரு துளி கூடும், ஆனால் வோல்ட்டேஜ் அதைவிட வேகமாக இறங்கும். சூட்டினாலேயே நிறைய எலக்ட்ரான்கள் தாமாக விடுபட்டு, கண்ட இடத்தில் துளைகளோடு சேர்ந்துகொள்வதுதான் காரணம். மொத்தத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் இழப்பு.

பேனலின் 550 வாட் என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. தொழிற்சாலையில் சில மில்லி விநாடிகள் மட்டும் மின்னும் விளக்கைப் பாய்ச்சி அளந்துவிடுவார்கள், சூடாக நேரமே கிடையாது. நம் மாடியில் வெளிக்காற்று 38 டிகிரி என்றால் முழு வெயிலில் செல் 65 டிகிரி போல இருக்கும். 40 டிகிரி கூடுதல், டிகிரிக்கு 0.35 சதவீதம், ஆக 14 சதவீதம் போச்சு. 550 வாட் பேனல் 473 வாட்டாகிறது. அதே பேனல் ஊட்டியில் தெளிவான நாளில் இதைவிட நன்றாக வேலை செய்யும்.

அதனால்தான் பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்கப் போடக் கூடாது என்பது. அடியில் காற்று ஓட வேண்டும்.

3 கிலோவாட் போட்டேன், ஆப்பில் 3 கிலோவாட் காட்டுவதே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. சூடு, தூசி, வயர், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கழிக்கும். நண்பகலில் 2.3 முதல் 2.5 காட்டினால் ஆரோக்கியமான அமைப்பு. நாளைக்குச் சராசரியாகக் கிலோவாட்டுக்கு 4 யூனிட், அதாவது 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட் என்று வருடக் கணக்கில் வந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வேடிக்கையாக, எப்போதாவது சில நிமிடம் 3-ஐத் தொடுவதும் உண்டு. மழை விட்டு, வெள்ளை மேகங்களின் இடைவெளியில் சூரியன் எட்டிப்பார்க்கும்போது நேரடி ஒளியோடு மேக ஓரங்களில் பட்டுவரும் ஒளியும் சேரும். பேனலும் குளிர்ந்திருக்கும். அந்த நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறவர்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு சாய்வாக வைக்க வேண்டும்?

தெற்கு பார்த்து, ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்வு. சென்னை 13 டிகிரி, கன்னியாகுமரி 8. இங்கே பலர் நினைப்பது போலச் சூரியன் எப்போதும் தெற்கே இருப்பதில்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு நடுவிலும் அது நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நாட்களில் உச்சிக்கு வடக்கே, ஜூன் 21 வாக்கில் சுமார் 10 டிகிரி வடக்கே நகர்ந்துவிடும். அதனால் சாய்வு சில டிகிரி முன்னே பின்னே இருந்தாலும் பெரிய இழப்பில்லை. கிழக்கு, மேற்கு பார்த்து வைத்தாலும் நம் ஊரில் நஷ்டம் சொற்பம்தான். ஐரோப்பாவுக்கு எழுதப்பட்ட 35 டிகிரி சாய்வைப் பார்த்து யாராவது வெல்டிங் செய்ய ஆரம்பித்தால் நிறுத்துங்கள். ஆனால் 10 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம், மழை தூசியைக் கழுவாது.

ஓரத்தில் கொஞ்சம் நிழல் விழுந்தால் கொஞ்சம்தானே குறையும்?

அப்படி இல்லை என்பதுதான் வம்பு. செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை, வரிசையில் எல்லாவற்றிலும் ஒரே கரண்ட்தான் ஓட முடியும். ஒரு செல் நிழலில் இருந்தால் அதனால் அந்தக் கரண்டைத் தர முடியாது. மற்ற செல்கள் அதன் வழியாக வலுக்கட்டாயமாகத் தள்ளப் பார்க்கும். நிழலில் இருப்பது கரண்ட் தருவதற்குப் பதில் கரண்டை விழுங்கிச் சூடாகும். விட்டுவிட்டால் அந்த இடம் பழுப்பேறி, கண்ணாடியே விரிசல் விடலாம்.

இதைத் தடுக்கப் பேனலின் பின்புறப் பெட்டிக்குள் வழக்கமாக மூன்று பைபாஸ் டயோடுகள் இருக்கும். ஒரு பகுதி முடங்கினால் கரண்ட் அதைச் சுற்றிக்கொண்டு போகும். பேனல் தப்பித்துவிடும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போய்விடும். காய்ந்த தென்னை ஓலை ஒன்றின் நிழலுக்கு அந்த விலை. டிஷ் ஆன்டெனா, தண்ணீர் டேங்க், கைப்பிடிச் சுவர், பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வருடம் கட்டப்போகும் மாடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். டிசம்பர் மாத நிழல்தான் நீளமானது, காலை 9-லிருந்து மாலை 3 வரை அது எங்கே விழும் என்று பாருங்கள்.

மழைக்காலத்தில் ஒன்றுமே வராதா? நிலா வெளிச்சத்தில்?

மேகம் மூடியிருந்தாலும் சிதறிய ஒளி வருகிறது, அதிலும் பேனல் வேலை செய்யும். முழு மூட்டமான நாளில் வழக்கமானதில் 10 முதல் 25 சதவீதம் எதிர்பார்க்கலாம். சென்னையில் நவம்பர், டிசம்பர்தான் மோசம்.

பௌர்ணமி நிலவின் வெளிச்சம் சூரியனுடையதில் 4 லட்சத்தில் ஒரு பங்கு. 3 கிலோவாட் பேனலிலிருந்து ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குகூட வராது. இன்வெர்ட்டர் கண்விழிக்கவும் போதாது.

மாடி நிறையப் பேனல் இருந்தும் கரண்ட் போனால் வீடு ஏன் இருட்டாகிறது?

பேனல் தருவது நேர் மின்னோட்டம், டிசி. வீட்டுக்கு வேண்டியது விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வரும் 230 வோல்ட் ஏசி. ஆன்கிரிட் இன்வெர்ட்டர், மின்வாரிய லைனில் வரும் அலையைப் பார்த்து, அதற்கு ஒத்துப்போகும்படி தன் அலையை உண்டாக்குகிறது. லைன் செத்தால் அதற்குப் பார்த்துச் செய்ய ஒன்றும் இல்லை, உடனே அணைந்துவிடும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் போகக் கூடாது. கரண்ட் போனாலும் வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர்தான் வழி.

சோலார் வாட்டர் ஹீட்டரில் மோட்டாரே இல்லையே, தண்ணீர் எப்படி டேங்குக்கு ஏறுகிறது?

சூடான தண்ணீர் எடை குறைந்தது. 27 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 996 கிராம், 60 டிகிரியில் 983 கிராம். இந்த 13 கிராம் வித்தியாசம்தான் மோட்டார். கீழே குழாயில் சூடான தண்ணீர் மேலே எழும்புகிறது, டேங்கின் அடியிலிருந்து குளிர்ந்தது இறங்கி அதன் இடத்தைப் பிடிக்கிறது. வெயில் இருக்கும்வரை இந்தச் சுழற்சி தானாக நடக்கும். டேங்க் எப்போதும் குழாய்களுக்கு மேலே இருப்பது இதற்காகத்தான். அழகுக்காக டேங்கைக் கீழே இறக்கினால் பம்ப் வைத்தாக வேண்டும்.

மேலே கண்ணாடி எதற்கு? கறுப்புப் பெயின்ட் அடித்த குழாய் போதாதா?

மே மாதத்தில் வெறும் கறுப்புக் குழாயே போதும், ஓவர்ஹெட் டேங்கிலிருந்து வரும் முதல் பக்கெட்டைத் தொட்டவர்களுக்குத் தெரியும். பிரச்சினை சூடாக்குவதில் இல்லை, சூட்டைத் தக்கவைப்பதில்தான். குழாய் சூடாக ஆக, காற்று அதை உருவிக்கொண்டு போகும். குழாயே அகச்சிவப்பாகவும் சூட்டை வெளியே விடும். வரவும் செலவும் சமமாகும் இடத்தில் வெப்பநிலை நின்றுவிடும்.

கண்ணாடி வெயிலை உள்ளே விட்டுக் காற்றை வெளியே நிறுத்துகிறது. வெயிலின் அலைநீளம் அரை மைக்ரானை ஒட்டியது, 70 டிகிரிப் பொருள் வெளியிடுவது 8 மைக்ரானை ஒட்டியது. சாதாரணக் கண்ணாடி முதலாவதை விடும், இரண்டாவதை விடாது. பாடப்புத்தகங்கள் இந்த அகச்சிவப்புத் தடுப்பைத்தான் பெரிதாகச் சொல்கின்றன. என் கணிப்பில் காற்றைத் தடுப்பதுதான் கண்ணாடி செய்யும் பெரிய வேலை. சுவிட்சர்லாந்தின் டி சோசூர் 1767-லேயே கண்ணாடி மூடிய பெட்டி ஒன்றைச் செய்து, உள்ளே தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிய சூட்டைப் பார்த்தார்.

பூச்சும் சாதாரணக் கறுப்பு இல்லை. வெயிலில் 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும், ஆனால் அகச்சிவப்பை வெளிவிடுவதில் மகா கஞ்சம்.

ட்யூப் மாடல் நல்லதா, தகடு மாடல் நல்லதா?

ட்யூப் மாடலில் இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குழாய், இடையில் வெற்றிடம். காற்றே இல்லாததால் சூடு கடத்தப்பட வழியில்லை. முழு வெயிலில் வெளிக் கண்ணாடியைத் தொட்டால் குளிர்ந்தே இருக்கும், உள்ளே தண்ணீர் 70 டிகிரியில் இருந்தாலும். குழாயின் மூடிய அடிநுனியில் வெள்ளி மாதிரிப் பளபளக்கும் பூச்சு பேரியம், மிச்சமிருக்கும் வாயுவை உறிஞ்சிக்கொள்ள வைத்தது. அது பால் வெள்ளையாகிவிட்டால் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம், குழாயை மாற்ற வேண்டியதுதான். பிளம்பரைக் கூப்பிடும் முன் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

தகடு மாடல் செம்பு, அலுமினியம் என்று கெட்டியானது, கல் விழுந்தால் ட்யூப் அளவுக்குச் சேதமில்லை. உப்புத் தண்ணீர் என்றால் இரண்டுக்குமே கேடுதான். சூட்டில் சுண்ணாம்பு பிரிந்து உள்ளே படியும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (போர் தண்ணீரை வெயில் படும் குழாய்க்குள் விடாமல் சூட்டை மட்டும் கைமாற்றும் அமைப்பு) வைத்த மாடலைக் கேளுங்கள்.

இன்னொன்று: காலியாக வெயிலில் கிடந்த ட்யூபுக்குள் நண்பகலில் தண்ணீர் விடாதீர்கள். உள்ளே 200 டிகிரிக்கு மேல் இருக்கலாம், வெடித்துவிடும். விடியற்காலையில் நிரப்புங்கள்.

தண்ணீர் சூடாக்க, பேனல் போட்டு அதில் கீசர் ஓட்டினால் என்ன?

கணக்கைப் பார்ப்போம். 100 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 3.8 யூனிட். வாட்டர் ஹீட்டரில் இதற்கு 2 சதுர மீட்டர் போதும். பேனல் வழியே கீசர் என்றால் கிட்டத்தட்ட 1 கிலோவாட், 5 சதுர மீட்டர். ஒழுங்கான எலக்ட்ரான் ஓட்டத்தைக் கஷ்டப்பட்டு உண்டாக்கி, அதை மறுபடி சூடாக்கிக் கொட்டுவதில் இயற்பியல் நியாயம் எதுவுமில்லை.

ஆனால் ஹீட் பம்ப் வந்தால் கதை மாறும். அது வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரில் சேர்ப்பதால், 1 யூனிட் கரண்டுக்கு 3 யூனிட் வெப்பம் தரும். அப்போது இடத் தேவை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. நெட் மீட்டர் இருந்தால் மே மாதத்தில் வேண்டாத கரண்ட் லைனுக்குப் போகும், வேண்டாத சுடுதண்ணீர் எங்கும் போகாது. வருடம் முழுக்கச் சுடுதண்ணீர் தேடும் ஊட்டி, கொடைக்கானலில் நான் வாட்டர் ஹீட்டர் பக்கம். மதுரையில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

வாட்டர் ஹீட்டரின் சுடுதண்ணீரிலிருந்து கரண்ட் எடுக்க முடியுமா?

முடியும், ஆனால் எடுக்க மாட்டீர்கள். வெப்பத்திலிருந்து வேலை வாங்க வெப்பநிலை வித்தியாசம் வேண்டும். உச்ச வரம்பைச் சொல்வது கார்னோ விதி: வித்தியாசத்தை, சூடான பக்கத்தின் கெல்வின் வெப்பநிலையால் (செல்சியஸோடு 273 கூட்டியது) வகுக்க வேண்டும். 70 டிகிரித் தண்ணீர், 30 டிகிரிக் காற்று என்றால் 40-ஐ 343-ஆல் வகுக்க, 12 சதவீதம்கூட இல்லை. இது வரம்பு மட்டும்தான். உண்மையான எஞ்சின் பாதி தந்தால் அதிகம். சேகரிப்பில் போன பாதியையும் சேர்த்தால் 2, 3 சதவீதத்தில் நிற்கும்.

ஆகவே வெப்பநிலையை ஏற்ற வேண்டும், அதற்கு ஒளியைக் குவிக்க வேண்டும். நீண்ட பரவளையத் தொட்டிக் கண்ணாடிகளால் எண்ணெயை 400 டிகிரிக்குச் சூடாக்கினால் கார்னோ வரம்பு 50-ஐத் தாண்டும், டர்பைன் நடைமுறையில் 35, 40 தரும். புதிய யோசனை இல்லை இது. எகிப்தில் மாடி (Maadi) என்ற ஊரில் ஃபிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கர் 1913-லேயே இப்படி நீராவி உண்டாக்கி நைல் தண்ணீரை இறைத்தார். இந்தியாவில் ராஜஸ்தானின் அபு ரோட்டில் "இந்தியா ஒன்" என்ற 1 மெகாவாட் நிலையம் இருக்கிறது, தலா 60 சதுர மீட்டர் கொண்ட 770 கிண்ணங்கள். நமக்குப் பக்கத்தில் ஆரோவில்லில், சோலார் கிச்சன் கூரையில் 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைச் சமையல் நீராவிக்காக அமைத்தார்கள். கிண்ணம் அசையாது, குவியும் இடத்தைத் தேடி நீராவிக் குழாய்தான் நகரும்.

ஒரு சிக்கல்: நேரடி ஒளியைத்தான் குவிக்க முடியும், சிதறிய ஒளியை முடியாது. கடற்கரை ஈரப்பதமும் மேகமும் உள்ள ஊர்களில் சிதறிய ஒளியின் பங்கு அதிகம். பாலைவனத்தில் பொருந்துவது சென்னையில் பொருந்தாது.

அப்படியானால் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, பேனல் மேல் வெளிச்சத்தைக் கூட்டலாமா?

வேண்டாம். வெளிச்சத்தோடு சூடும் கூடும், குவிவது சீராக இருக்காது, வாரண்டியும் போகும்.

சூரிய வெப்பத்தைப் பெரிய அளவில் எங்கே பயன்படுத்துகிறோம்?

தூத்துக்குடி உப்பளங்களில். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க சுமார் 0.67 யூனிட் வேண்டும். ஒரு ஏக்கர் பாத்தியில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் நீர் இறங்கினாலும் 20,000 லிட்டர். அதாவது 13,000 யூனிட்டுக்கு மேல் வெப்பம், ஒரு ஏக்கருக்கு, ஒரு நாளைக்கு. எந்த அரசின் சோலார் புள்ளிவிவரத்திலும் இதை யாரும் சேர்ப்பதில்லை.

பேனல் தயாரிக்கச் செலவான சக்தியை அது திருப்பித் தருமா?

தரும், இன்றைய பேனல்கள் ஒன்று, ஒன்றரை வருடத்தில். மணலை உருக்கிச் சிலிக்கன் எடுப்பது கரண்டைக் குடிக்கும் வேலை என்பது உண்மை. "வாழ்நாள் முழுக்க ஓடினாலும் ஈடாகாது" என்ற வாட்ஸ்அப் செய்தி உண்மையில்லை.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

மழை இல்லாத மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சாலையோரம் என்றால் அதற்கு முன்பே. காலை அல்லது மாலையில் கழுவுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் ஒட்டும், அது தூசியைவிடப் பிடிவாதமானது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் நிலையத்தில் இந்த வேலைக்கு ரோபோக்களை வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு ஒரு நீளமான மாப் போதும்.

இரவுக்குச் சேமிப்பது எது சுலபம், கரண்டா, சூடா?

சூடு, சந்தேகமே இல்லாமல். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி முழுதாகப் பிடிப்பதே 1.8 யூனிட். லெட் ஆசிட் என்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம், இல்லாவிட்டால் சீக்கிரம் சாகும். சுற்றிலும் நுரை அடைத்த 100 லிட்டர் சுடுதண்ணீர் டேங்கில் 3.8 யூனிட் உட்கார்ந்திருக்கிறது, மறுநாள் காலை வரை சில டிகிரிதான் இறங்கும். அப்படிப்பட்ட நான்கு பேட்டரிகள் தரக்கூடியதைவிட அதிகம். ஆனால் அந்தச் சூட்டில் குளிக்கலாம், ஃபேன் ஓட்ட முடியாது.

பேனல் போட்டால் கீழே உள்ள அறை சூடாகுமா, குளிருமா?

குளிரும். தளத்தில் விழ வேண்டிய வெயிலைப் பேனல் தன் மேல் வாங்கிக்கொள்கிறது. ஐந்தில் ஒரு பங்கு கரண்டாக வெளியேறுகிறது, மீதிச் சூட்டில் பெரும்பகுதியைக் காற்று கொண்டுபோகிறது. தளமும் பேனலும் ஒன்றையொன்று சூடாக்காமலிருக்க நடுவே ஒரு அடியாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். வாட்டர்ப்ரூஃபிங் வேலை பாக்கி இருந்தால் ஸ்டாண்டுக்கு ஓட்டை போடுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள், பிறகு பேனலுக்கு அடியில் குனிந்து பூச ஆள் கிடைக்காது.